‘சென்சிட்டிவ்’ என்று எழுதினால் பாஸ்வேர்டு மறைந்துவிடுமா? டெர்ராஃபார்ம் ஃபைலுக்குள் என்ன நடக்கிறது?

2022 அக்டோபர் 7-ம் தேதி ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் ஒரு மன்னிப்பு அறிக்கையை வெளியிட்டது. காரை இணையத்தோடு இணைக்கும் ‘டி-கனெக்ட்’ சேவையில் பதிவு செய்திருந்த 2,96,019 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரியும் வாடிக்கையாளர் எண்ணும் கசிந்திருக்கலாம் என்றது அந்த அறிக்கை. இதற்காக ஹேக்கர் யாரும் சுவர் ஏறிக் குதிக்க வேண்டியிருக்கவில்லை. இணையதளத்தை உருவாக்கிக் கொடுத்த ஒப்பந்த நிறுவனம், 2017 டிசம்பரில் சோர்ஸ் கோடின் ஒரு பகுதியை கிட்ஹப்பில் ஏற்றியது. அது தவறுதலாக ‘பப்ளிக்’ என்று இருந்துவிட்டது. உள்ளே, டேட்டா சர்வரைத் திறக்கும் ஆக்சஸ் கீ அப்படியே எழுதப்பட்டிருந்தது. 2022 செப்டம்பரில் கண்டுபிடிக்கும்வரை, ஐந்து ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம், அந்தச் சாவி வாசலிலேயே கிடந்தது.

இது ஓர் இணையதளத்தின் கோடு. இப்போதெல்லாம் சர்வர், டேட்டாபேஸ், நெட்வொர்க் என ஒரு நிறுவனத்தின் மொத்தக் கட்டமைப்பும் கோடாகத்தான் எழுதப்படுகிறது. அப்படியானால் அந்தக் கோடுக்குள் எத்தனை சாவிகள் இருக்கும்?

கட்டமைப்பைக் கோடாக எழுதுவது என்றால்?

முன்பு ஒரு சர்வர் வேண்டுமென்றால் அமேசான் அல்லது அஸ்யூர் இணையதளத்தில் லாகின் செய்து, பட்டன் பட்டனாகத் தட்ட வேண்டும். பத்து சர்வர் என்றால் பத்து தடவை. இந்த வேலையை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதிவைத்துவிட்டால், ஒரே கமாண்டில் எல்லாம் தயார். இதைத்தான் ‘இன்ஃப்ராஸ்ட்ரக்சர் ஆஸ் கோட்’ என்கிறார்கள். ஹாஷிகார்ப் நிறுவனம் 2014-ல் வெளியிட்ட டெர்ராஃபார்ம் இதில் மிகவும் பிரபலம். டெவ்ஆப்ஸ் வேலைக்கு இன்டர்வியூ போன யாருக்கும் இந்தப் பெயர் புதிதாக இருக்காது.

டேட்டாபேஸை உருவாக்கும்போது அதற்கு ஒரு பாஸ்வேர்டு தர வேண்டுமல்லவா? அதைக் கோடிலேயே எழுதினால், கோடைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் பாஸ்வேர்டையும் பார்ப்பார்கள். அதனால் பெரும்பாலானோர் ‘வேரியபிள்’ ஒன்றை வைத்து, மதிப்பை வெளியிலிருந்து தருகிறார்கள். ஆனாலும் கமாண்டை ஓட்டும்போது அந்த மதிப்பு திரையில் வந்துவிடும். சிஐ பைப்லைனில் ஓடினால் லாகிலும் பதிவாகிவிடும்.

இதற்குத்தான் 2020 டிசம்பரில் வந்த 0.14 பதிப்பில் ஒரு வசதி சேர்க்கப்பட்டது. வேரியபிளுக்குப் பக்கத்தில் ‘சென்சிட்டிவ்’ என்று குறித்துவிட்டால், திரையில் பாஸ்வேர்டுக்குப் பதிலாக ‘சென்சிட்டிவ் வேல்யூ’ என்ற இரண்டு சொற்கள் மட்டுமே தெரியும். ‘அதான் மறைச்சாச்சே!’ என்று பலரும் இத்தோடு நிம்மதியாகிவிடுகிறார்கள். வில்லங்கம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

திரையில் இல்லை, ஃபைலில் இருக்கிறது

தான் எதையெல்லாம் உருவாக்கினோம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள, டெர்ராஃபார்ம் ஒரு கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறது. அதற்கு ‘ஸ்டேட் ஃபைல்’ என்று பெயர். அடுத்த முறை கமாண்ட் ஓடும்போது, கோடில் இருப்பதையும் இந்தக் கணக்கில் இருப்பதையும் ஒப்பிட்டுத்தான் எதை மாற்ற வேண்டும் என்று அது முடிவு செய்யும். ஒப்பிட வேண்டுமென்றால் பழைய மதிப்பு தெரிய வேண்டும். அதனால் பாஸ்வேர்டும் ஸ்டேட் ஃபைலில் ஏறிவிடுகிறது, வெறும் ஜேசான் டெக்ஸ்ட்டாக. நோட்பேடில் திறந்தால்கூடப் படிக்கலாம்.

‘சென்சிட்டிவ்’ குறி திரைக்கு மட்டுமே பொருந்தும். ஸ்டேட் ஃபைலில் எழுதப்படுவதை அது தடுக்காது. முன்கூட்டியே சேமித்துவைக்கும் பிளான் ஃபைலுக்கும் இதே கதைதான். இது ஏதோ ஒளித்துவைத்த ரகசியமும் அல்ல. டெர்ராஃபார்மின் ஆவணங்களே வெளிப்படையாகச் சொல்கின்றன. அவுட்புட்டாக வரையறுத்த ஒரு மதிப்பை ஜேசான் வடிவத்தில் கேட்டால், ‘சென்சிட்டிவ்’ குறி இருந்தாலும் அது உள்ளது உள்ளபடி வந்து விழும்.

இதில் அதிகம் பேர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ‘நாம் பாஸ்வேர்டையே டைப் செய்ய வேண்டாம், டெர்ராஃபார்மே ஒன்றை உருவாக்கிக்கொள்ளட்டும்’ என்று ‘ராண்டம் பாஸ்வேர்டு’ வசதியைப் பயன்படுத்துவார்கள். புத்திசாலித்தனமாகத்தான் தெரியும். கோடில் பாஸ்வேர்டு இல்லை, எந்த மனிதருக்கும் அது தெரியாது. ஆனால் உருவான பாஸ்வேர்டு நேராகப் போய் உட்காருவது ஸ்டேட் ஃபைலில்தான். டிஎல்எஸ் பிரைவேட் கீயை டெர்ராஃபார்ம் மூலம் உருவாக்கினாலும் இதுவே நடக்கும்.

அதிகமாக மறைத்தாலும் ஆபத்து

சரி, எல்லாவற்றுக்கும் ‘சென்சிட்டிவ்’ போட்டுவிட்டால்? அதுவும் சரிப்படாது. இந்தக் குறி தொற்றிக்கொள்ளும் தன்மை உடையது. ரகசிய மதிப்பு ஒன்றைச் சேர்த்து உருவாக்கும் எந்த மதிப்பும் ரகசியமாகிவிடும். ஒரு பெரிய கான்ஃபிகரேஷனுக்குள் ஒரே ஒரு ஏபிஐ கீ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கான்ஃபிகரேஷன் முழுவதையும் ஒரே டெக்ஸ்ட்டாகக் கோத்திருந்தால், பிளானில் அது முழுக்க இருட்டடிக்கப்படும். போர்ட் எண் மாறியதா, டைம்அவுட் மாறியதா என்று பார்க்கவே முடியாது. ரிவ்யூ செய்பவர் கண்ணை மூடிக்கொண்டு ‘அப்ரூவ்’ தட்ட வேண்டியதுதான்.

உற்பத்திச் சூழலில் என்ன மாறப்போகிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போடுவது, பாஸ்வேர்டு கசிவதற்கு எந்த விதத்திலும் குறைந்த ஆபத்து இல்லை. அதனால்தான் ரகசியம் இல்லாத பகுதியை மட்டும் மறுபடி வெளிக்காட்ட ‘நான்சென்சிட்டிவ்’ என்றொரு ஃபங்ஷனும் இருக்கிறது. அவசரத்தில் அதைத் தவறான இடத்தில் போட்டுவிட்டு, உண்மையான சாவியையே லாகில் கொட்டவும் முடியும். கான்ஃபிகரேஷனில் சாவியைத் தனியாகவும் மற்றவற்றைத் தனியாகவும் பிரித்து வைப்பதுதான் இதற்கு உருப்படியான வழி. சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் குறுக்குவழி இல்லை.

மறைப்பதையும் பூட்டுவதையும் குழப்பிக்கொள்வது டெர்ராஃபார்மோடு நிற்பதில்லை. கூபர்நெட்டீஸில் ‘சீக்ரெட்’ என்ற பெயரிலேயே ஒரு பொருள் உண்டு. அதில் மதிப்புகள் புரியாத எழுத்துகளாகத் தெரிவதால் என்க்ரிப்ட் ஆகியிருக்கிறது என்று புதிதாக வருபவர்கள் நம்பிவிடுகிறார்கள். அது பேஸ்64 மட்டுமே. சாவி எதுவும் தேவையில்லை, ஒரே கமாண்டில் திரும்பப் படித்துவிடலாம். அந்த ஃபைலை அப்படியே கிட்டில் ஏற்றுவது, பாஸ்வேர்டை வேறு கையெழுத்தில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது மாதிரி.

‘எங்க ரெப்போ பிரைவேட்தானே?’

இந்தக் கேள்விக்கு உபெர் 2016-லேயே பதில் கொடுத்துவிட்டது. அந்த ஆண்டு ஊடுருவிய ஹேக்கர்கள், ஊழியர்கள் வேறு தளங்களிலும் பயன்படுத்திய பழைய பாஸ்வேர்டுகளை வைத்து உபெரின் பிரைவேட் கிட்ஹப் ரெப்போவுக்குள் நுழைந்தார்கள். அங்கே கோடுக்குள் அமேசான் கிளவுடின் ஆக்சஸ் கீ இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் உலகம் முழுவதும் 5.7 கோடிப் பயணிகள், ஓட்டுநர்களின் தகவல்களை அள்ளினார்கள். அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 லட்சம் ஓட்டுநர்களின் லைசென்ஸ் எண்களும் அதில் அடக்கம்.

நிறுவனம் 1 லட்சம் டாலர் கொடுத்து விஷயத்தை அமுக்கப் பார்த்தது. 2017 நவம்பரில்தான் வெளியே சொன்னது. அடுத்த ஆண்டு அமெரிக்க மாநிலங்களுக்கு 14.8 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அப்போதைய பாதுகாப்புத் தலைவர் ஜோ சல்லிவன் மீது கிரிமினல் வழக்கு நடந்து, 2022 அக்டோபரில் குற்றவாளி எனத் தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு தண்டனையாக விதிக்கப்பட்டது. அவர் தண்டிக்கப்பட்டது சாவி கசிந்ததற்காக அல்ல, மறைத்ததற்காக.

டொயோட்டா விவகாரத்தில் சாவியை வெளியே விட்டது ஒப்பந்த நிறுவனம். மன்னிப்பு கேட்டது டொயோட்டா. வெளிநாட்டு வாடிக்கையாளருக்காகக் கோடு எழுதும் ஐடி ஊழியர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. இந்தியாவிலும் 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யாத நிறுவனங்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது.

அப்போ என்னதான் செய்வது?

முதலில், ஸ்டேட் ஃபைலையே ஒரு பாஸ்வேர்டாக நினைக்க வேண்டும். அதை லேப்டாப்பிலோ கிட்டிலோ வைக்கக் கூடாது. எஸ்3 போன்ற ரிமோட் இடத்தில், என்க்ரிப்ஷனோடு, மிகச் சிலர் மட்டும் திறக்கும்படி வைக்க வேண்டும். பல நிறுவனங்களில் புரொடக்‌ஷன் டேட்டாபேஸுக்கு இரண்டு பேருக்குத்தான் அனுமதி இருக்கும், அந்த டேட்டாபேஸின் பாஸ்வேர்டு இருக்கும் ஸ்டேட் பக்கெட்டை டீமே படிக்கும். டெர்ராஃபார்மிலிருந்து பிரிந்து வளர்ந்த ஓப்பன்டோஃபு, 2024-ல் வந்த 1.7 பதிப்பில் ஸ்டேட் ஃபைலையே என்க்ரிப்ட் செய்யும் வசதியைக் கொண்டுவந்தது. பயனர்கள் வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த வசதி இது.

அதைவிட நல்லது, ரகசியம் ஸ்டேட் ஃபைலுக்குள் நுழையாமலே பார்த்துக்கொள்வது. உதாரணமாக, அமேசானின் ஆர்டிஎஸ் டேட்டாபேஸை உருவாக்கும்போது ‘பாஸ்வேர்டை நீயே பார்த்துக்கொள்’ என்று சொல்லிவிடலாம். அமேசானே ஒன்றை உருவாக்கி, சீக்ரெட்ஸ் மேனேஜருக்குள் வைத்துக்கொள்ளும். ஸ்டேட் ஃபைலில் இருப்பது அந்தப் பெட்டியின் முகவரி மட்டும்தான். அப்ளிகேஷன் ஓடும்போது நேராக அங்கே போய் எடுத்துக்கொள்ளும்.

டெர்ராஃபார்மும் கடைசியில் வழிக்கு வந்தது. 2024 நவம்பரில் வெளியான 1.10 பதிப்பில் ‘எஃபெமரல்’ மதிப்புகள் வந்தன. கமாண்ட் ஓடி முடியும்வரை மெமரியில் இருக்கும், பிளானிலோ ஸ்டேட்டிலோ எழுதப்படாது. சில மாதங்கள் கழித்து வந்த 1.11-ல் ‘ரைட் ஒன்லி’ ஆர்க்யுமென்ட்கள் சேர்ந்தன. கிளவுடுக்கு எழுதிவிடலாம், திரும்பப் படிக்க முடியாது. ஆனால் பழைய மதிப்பு தெரியாவிட்டால் பாஸ்வேர்டு மாறியிருக்கிறதா என்று டெர்ராஃபார்ம் எப்படிக் கண்டுபிடிக்கும்? கண்டுபிடிக்காது. அதற்காகப் பக்கத்தில் ஒரு வெர்ஷன் எண் வைக்கிறார்கள். பாஸ்வேர்டை மாற்றினால் எண்ணையும் ஒன்று கூட்ட வேண்டும். மறந்தால் பழையதே தொடரும். எல்லா ரிசோர்ஸ்களுக்கும் இந்த வசதி கிடையாது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கை தவறி கிட்டில் ஏறிவிட்டால், அடுத்த கமிட்டில் அழிப்பதால் பயனில்லை. பழைய கமிட் வரலாற்றில் அப்படியே இருக்கும். பப்ளிக் ரெப்போக்களை இடைவிடாமல் துழாவும் பாட்கள் அதற்குள் எடுத்திருக்கும். பப்ளிக் ரெப்போக்களில் தெரிந்த வடிவத்திலான சாவிகளை ஏற்றும்போதே தடுக்கும் வசதியை கிட்ஹப் 2024-ல் தானாகவே இயங்கும்படி ஆக்கியது. அப்படியும் அந்த ஆண்டில் மட்டும் பப்ளிக் கிட்ஹப்பில் புதிதாகக் கசிந்த ரகசியங்கள் 2.38 கோடி என்கிறது பிரெஞ்சு நிறுவனமான கிட்கார்டியனின் அறிக்கை. அதைவிட உறுத்துவது இன்னொரு எண்: 2022-ல் கசிந்ததாகக் கண்டறிந்த சாவிகளில் 70 சதவீதம் இன்னமும் வேலை செய்துகொண்டிருந்தன. அதாவது, கசிந்தது தெரிந்தும் பூட்டை மாற்றவில்லை, அல்லது கசிந்ததே தெரியவில்லை.

‘எஃபெமரல்’ முறைக்கு மாறிவிட்ட டீம்களும் இதே இடத்தில் கோட்டைவிட வாய்ப்புண்டு. ஸ்டேட் ஃபைல் கெட்டுப்போனால் மீட்க வேண்டும் என்பதற்காக எஸ்3-ல் ‘வெர்ஷனிங்’ போட்டு வைத்திருப்பார்கள், அது நல்ல பழக்கமும்கூட. புதிய ஸ்டேட் ஃபைலில் பாஸ்வேர்டு இருக்காது. போன வாரம், போன மாதம், போன வருடம் சேமித்த அத்தனை பழைய பிரதிகளிலும் அது இருக்கும். எனவே புதிய முறைக்கு மாறும் அன்றே பழைய பாஸ்வேர்டையும் மாற்றியாக வேண்டும்.