நிவாரணக் கொப்பிகள்

கல்முனை தொடக்கம் பொத்துவில் வரையுள்ள நமது கரையோரத்தில் யூதரைப் பற்றிய பேச்செழுந்தால், அது பலஸ்தீனத்தில் தொடங்கிப் பலஸ்தீனத்திலேயே முடியும். அஃது இயல்பே, அவ்வுணர்வில் எனக்கும் பங்குண்டு. ஆயினும், யூதரின் நிவாரணச் சங்கமொன்று பேணிவைத்திருக்கும் பழைய ஏடுகளைப் பற்றி நம் ஆசிரியர்களும் மாணவர்களும் அறிந்திருத்தல் வேண்டும் என்பேன். அதற்கான காரணம் நம் ஊர்ப் பள்ளிவாசல்களின் அலுமாரிகளுக்குள் இருக்கிறது.

1914 ஆம் ஆண்டு, உதுமானியப் பேரரசுக்கான அமெரிக்கத் தூதுவர் ஹென்றி மோர்கென்தோ, போரினால் வெளியுதவி நின்றுபோன பலஸ்தீனத்து யூதருக்கு 50,000 டொலர் வேண்டுமென்று நியூயோர்க்குக்குத் தந்தியடித்தார். அவ்வாண்டிலேயே ‘ஜொயின்ற்’ என்று சுருக்கமாக வழங்கும் அமெரிக்க யூதர் கூட்டு விநியோகக் குழு பிறந்தது. அதன் ஆவணங்கள் இன்று நியூயோர்க்கிலும் ஜெரூசலத்திலும் உள்ளன. அவற்றிற் பெரும்பாலானவை எழுதுவினைஞரின் கைவேலையே: உதவி பெற்றோர் பட்டியல், கப்பற் பயணிகளின் பெயர், பற்றுச்சீட்டு, கடிதம்.

இவற்றால் என்ன பயன்? 1939 மே மாதம் ‘செயின்ற் லூயிஸ்’ என்னும் கப்பல் 937 பேருடன் ஹம்பேர்க்கை விட்டுப் புறப்பட்டது. கியூபா மிகச் சிலரையன்றி ஏனையோரை இறங்கவிடவில்லை, அமெரிக்காவும் கதவடைத்தது. ஜொயின்ற் சங்கம் வாதாடி, பிரித்தானியா, பிரான்ஸ், பெல்ஜியம், ஒல்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் அவர்களுக்கு இடந்தேடியது. பல்லாண்டுகளின் பின்னர் வாஷிங்டன் நூதனசாலை ஆய்வாளர் ஒவ்வொரு பெயராகத் தேடிச் சென்று, நாசிகளின் பேரழிவில் மாண்டோர் 254 பேர் என்று துணிந்தனர். பெயர்ப்பட்டியல் இல்லாதிருப்பின், தொடங்குதற்கே அவர்களுக்கு இடமிருந்திராது.

இவ்வரலாற்றில் என் நெஞ்சைவிட்டு அகலாதவர் இமானுவேல் றிங்கெல்புளும். வார்சோ நகரத்து வரலாற்றாசிரியர். ஜொயின்ற் சங்கத்தின் ஊழியர். 1938 இல் ஜேர்மனி துரத்திய போலந்து யூதர் ஆயிரக்கணக்கில் எல்லையூரொன்றில் தவித்தபோது, அவர்களுக்கு உதவச் சென்றவர்களுள் அவரும் ஒருவர். பின்னர் வார்சோ யூதச் சேரி மதிலுக்குள் அடைபட்ட காலத்தில், பகலில் நிவாரண வேலை பார்த்தார். மறைவில் ஏறக்குறைய 60 தோழரைக்கொண்டு ஆவணம் சேர்த்தார். நாட்குறிப்பு, பிள்ளைகளின் பள்ளிக்கட்டுரை, பங்கீட்டுச் சீட்டு, மிட்டாய் சுற்றிய காகிதம் வரை ஒன்றையும் அவர்கள் கழிக்கவில்லை. 1942 ஆகஸ்டில் ஓர் ஆசிரியரும் அவருடைய மாணவர் இருவரும் (19 வயது ஒருவருக்கு, மற்றவருக்கு 18) பள்ளிக்கூட நிலவறையில் பத்துத் தகரப் பெட்டிகளைப் புதைத்தனர். அடுத்த ஆண்டு பாற்குடங்களில் மீதி புதைக்கப்பட்டது. மூவரும் மாண்டனர், றிங்கெல்புளும் 1944 இல் கொல்லப்பட்டார். பெட்டிகள் 1946 இலும் பாற்குடங்கள் 1950 இலும் வெளிவந்தன. பசியால் செத்துக்கொண்டிருந்தவர்கள் செய்த வேலை இது!

நாமோ பசியோடிருக்கவில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் அம்பாறை மாவட்டக் கரையில் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். இலங்கையின் வேறெந்த மாவட்டமும் இத்துணை உயிரை இழக்கவில்லை. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று ஊர்தோறும், பள்ளிவாசலிலும் கோயிலிலும் பாடசாலையிலும், இளைஞர்கள் கொப்பிகளில் பெயரெழுதினார்கள்: எந்த வளவு, எத்தனை ஜனாஸா, யாருக்கு அரிசி, எந்தப் பிள்ளைக்குத் தாயில்லை. அக்கடலழிவின்பின் ஜொயின்ற் சங்கமும் இலங்கைக்கு உதவியது. அந்தக் கடிதங்கள் ஒருநாள் நியூயோர்க்கில் வரிசையெண் பெறக்கூடும். நம் கொப்பிகளைக் கறையான் தின்னும், உப்புக்காற்று உதிர்க்கும். அல்லது பள்ளிவாசல் நிருவாகம் மாறும்போது பழைய கடதாசியென்று எரிப்பார்கள்.

‘கொடையை மறைப்பதன்றோ மார்க்கம், வாங்கியவன் பெயரை வைத்திருப்பது அவனை நாணச்செய்யாதா?’ என்று கேட்கும் பெரியோர் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் பேணுதல் வேறு, பறைசாற்றுதல் வேறு. இத்தனை ஆண்டு பூட்டியிருக்கும் என்று விதித்துப் பூட்டலாம். அழிப்பதற்கு அது காரணமாகாது.

யூதரைப் பார்த்துப் படிப்பதா என்போருக்கும் ஒன்று சொல்வேன். 1950 இல் பணி தொடங்கிய ஐக்கிய நாடுகளின் பலஸ்தீன நிவாரண முகவரகம் எழுதிவைத்த குடும்பப் பதிவேடுகள், 1948 இல் ஊரிழந்தவரின் பேரனுக்கு, அவன் பாட்டன் எந்த ஊரான் என்று சாட்சி கூறுகின்றன. அந்த மாவுப் பங்கீட்டுக் கணக்கே இன்று உரிமைச் சாசனமாக நிற்கிறது. 1990 இல் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட நம் மக்களின் கதையையோ, 2011 இல் வந்த மக்கள் ஆணைக்குழு அறிக்கை, இருபதாண்டுகளின்பின் வாய்மொழிச் சாட்சியங்களைத் திரட்டியே எழுதவேண்டியிருந்தது.

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது; 2005 முதல் ‘நூலகம்’ நிறுவனம் ஈழத்து ஏடுகளை இணையத்தில் சேர்த்துவருகிறது. உயர்தர வகுப்பில் வரலாறு படிக்கும் மாணவர் இருவரை ஓர் ஆசிரியர் அழைத்துக்கொண்டு, தம் ஊர்ப் பள்ளிவாசல் தலைவரிடம் சென்று, 2005 ஆம் ஆண்டுக் கொப்பிகள் எங்கே என்று கேட்கட்டும். மையவாடிப் பதிவை முதலிற் கேட்கவேண்டும். பெயர் தெரியாது அடக்கப்பட்டோரின் அடையாளக் குறிப்புகள், எழுதப்பட்டிருப்பின், அதில்தான் இருக்கும்.