காதலுக்கு மேடையுண்டு, உரிமைக்கு?

தமிழ்நாட்டு அரங்குகளிலே காதலுக்குக் குறைவில்லை. தலைவி ஏங்குவாள், தோழி ஆற்றுவாள், தலைவன் வருவான், திரை விழும். ஆனால், "என் நாட்டை ஆள்வோரை நானும் தேர்ந்தெடுப்பேன்" என்று அத்தலைவி நிமிர்ந்து நிற்கும் காட்சி எங்கே, அன்பரீர்?

திருவான்மியூரையே நோக்குவோம். பெயரிலேயே தமிழைத் துறந்த கலாசேத்திரா, 1936-இல் அடையாற்றில் தோன்றிப் பின்னர் இவ்வூரில் நிலைகொண்டது. 1944-இல் அது குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக்கிற்று. தமிழ்நூல் மேடையேறியதைப் போற்றுவோம். வசந்தவல்லியின் காதல் அங்கே ஆடிக் காட்டப்பெற்றது. ஆயின், அதே அடையாற்றில் 1917-இல் இந்திய மாதர் சங்கம் தோன்றியதையும், அயர்லாந்தினரான மார்கரெட்டு கசின்சு முதலியோர் பெண்டிர்க்கு ஒப்போலையுரிமை கேட்டுப் போராடியதையும், ஆங்கிலேயர் ஆண்ட மாநிலங்களுள் முதலாவதாகச் சென்னைச் சட்டமன்றம் 1921-இல் அதனை ஏற்றதையும் எந்தச் சிலம்பு நமக்கு ஒலித்துக் காட்டிற்று?

"ஒப்போலைக் கிளர்ச்சி அயலார் சரக்கு, தமிழ்க் காதலுக்கும் அதற்கும் என்ன உறவு?" என்பர் சிலர். உறவுண்டு! தேர்ந்துகொள்ளும் உரிமையே இரண்டற்கும் வேர். களவொழுக்கத்தில் தலைவியே தன் துணையைத் தேர்ந்தாள். தோழியும் செவிலியும் அறத்தொடு நின்று அத்தேர்வைக் காத்தனர். ஆனால், குடவோலை கண்ட உத்திரமேரூர் அவையில் அவளுக்கு இடமில்லை. அகத்திலே கொடுத்ததைப் புறத்திலே மறுத்தோம். 1921-இலும் சொத்தும் வரியும் உடைய பெண்டிரே ஒப்போலை பெற்றனர். ஏழைப் பெண்ணின் கை அவ்வோலையைத் தொட 1951-52 பொதுத்தேர்தல் வரவேண்டியிருந்தது.

நாடகத்திற்குக் களம் வேண்டுமா? சென்னை ஒற்றைவாடை நாடகக் கொட்டகையே களம்! 1938 நவம்பர் 13-இல் அங்கே தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடிற்று. தலைமை ஏற்றவர் தனித்தமிழ்த் தந்தை மறைமலையடிகளின் மகளார் நீலாம்பிகையார். ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' என்னும் பட்டம் சூட்டியது அம்மாநாடே. அதனைத் தொடர்ந்து மூவலூர் இராமாமிர்தத்தம்மையாரும் மருத்துவர் தருமாம்பாளும் இந்தித் திணிப்பை எதிர்த்துச் சிறை புகுந்தனர். மொழிக்காகச் சிறை சென்ற பெண்டிரைவிடப் பெருந்தலைவியர் வேறு யார்?

பழங்கதை என்று ஒதுக்காதீர். பதினெட்டு ஆண்டு நிரம்பிய பெண்ணிடம், "ஆட்சியைத் தேர்ந்தெடு" என்று ஒப்போலையை நீட்டுகின்றோம். அவளே தன் வாழ்க்கைத்துணையைத் தேர்ந்தால் அரிவாளை ஓங்குகின்றோம். 2016-இல் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே, பட்டப்பகலில், சாதி கடந்து மணந்த இளைஞனின் குருதி சிந்தியதை நாடே கண்டது. நாட்டைத் தேரத் தகுதியுடையாள் நாயகனைத் தேரத் தகுதியற்றவளா? அறம் பேசும் சாதித்தலைவர்கள் விடை கூறட்டும்!

தமிழ் நாடகப் புலவீர்! காதலையும் உரிமையையும் ஒரே மேடையில் ஏற்றுங்கள். அயன்மொழிக் கலப்பற்ற தமிழில், ஆண்டும் பெயரும் வழுவாது எழுதுங்கள். திருவான்மியூரின் தெருமுனையிலேனும் அது நடக்கட்டும். அங்கே தலைவி ஏங்கி நிற்க வேண்டா; தேர்ந்து நிற்கட்டும்!