தையற்கூடத்தில் எந்தத் தமிழைக் கற்பிப்பது?

தாம்பரம் சானட்டோரியம் தொடர்வண்டி நிலையத்தில் மாலை ஆறு மணியளவில் நின்று பார்ப்போர்க்கு ஓர் உண்மை விளங்கும். ஏற்றுமதி வளாகத்தின் வாயிலிலிருந்து பெருஞ்சாலையைக் கடந்து வரும் மகளிர் கூட்டத்தில் செய்யூர்த் தமிழும் திருவண்ணாமலைத் தமிழும் கேட்கும். அவற்றினிடையே ஒடியாவும் சந்தாலியும் சாத்ரியும் கேட்கும். வேங்கடத்திற்கு அப்பாலுள்ள நிலத்தைச் சங்கப் புலவர்கள் 'மொழிபெயர் தேயம்' என்றனர். அத்தேயம் இன்று நம் நடைமேடைக்கே வந்து, கையில் உணவுப் பாத்திரத்துடன் புறநகர் வண்டிக்குக் காத்து நிற்கிறது.

இப்பகுதிக்குத் தொழில் புதிதன்று. குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயரே குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. அனகாபுத்தூர்த் தறிகளில் நெய்த துணி ஒரு காலத்தில் நைசீரியா வரை சென்றது. பல்லாவரம், நாகல்கேணித் தோல் பதனிடும் கூடங்களில் நம் சமுதாயத்தார் பலர் முதலீடும் உழைப்பும் இட்டனர். 1984-ஆம் ஆண்டில் தாம்பரத்தில் ஏறத்தாழ 262 ஏக்கர் நிலத்தில் ஏற்றுமதி வளாகம் அமைந்தது. 2003-இல் அது சிறப்புப் பொருளாதார மண்டலமாயிற்று. அங்கே பலவகைத் தொழில்கள் உண்டு எனினும், பெண்களை மிகுதியாக ஈர்ப்பது ஆடைத் தொழிலே. 2014-இல் தொடங்கப்பெற்ற தீனதயாள் உபாத்யாய கிராமத் திறன் பயிற்சித் திட்டம் போன்றவற்றின் வழியே ஒடிசா, ஜார்க்கண்ட் சிற்றூர்ப் பெண்கள் தையற்பொறிப் பயிற்சி பெற்றுத் தமிழகத் தொழிலகங்களுக்கு வருகின்றனர். பொறியை ஓட்டப் பயிற்சி உண்டு. வந்து சேரும் ஊரின் மொழியில் வாய் திறக்கப் போதிய பயிற்சி இல்லை.

நம் துறை மாணவியர் சிலர் சென்ற ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மகளிர் விடுதிக்குச் சென்று பேச்சுத் தமிழ் கற்பித்தனர். நாமும் உடன் சென்றோம். முதல் நாள் கரும்பலகையில் 'வணக்கம்', 'நன்றி', 'என் பெயர்' என்று எழுதினோம். இருபது வயதினும் குறைந்த ஒடியப் பெண்ணொருத்தி கையுயர்த்தி, தனக்கு ஒரு சொல்லில் ஐயம் உண்டு என்றாள். திரைப்படங்களால் 'பிடிக்கும்' என்னும் சொல்லை அவள் அறிந்திருந்தாள். சம்பள நாளில் மேற்பார்வையாளர் தன் பெயருக்கு நேரே விரலை வைத்து 'பிடித்தம்' என்கிறார். தன் வேலை அவருக்குப் பிடித்திருக்கிறது என்றே ஐந்து மாதங்களாக எண்ணிச் சிரித்து வந்ததாகக் கூறினாள். அறையிலிருந்த தமிழ்ப் பெண்கள் சிரித்துவிட்டனர். பிறகு அவர்களே அவளுக்கு விளக்கினர். அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. என்ன பிடித்தம், விடுதிக்கா, உணவுக்கா, சேமநல நிதிக்கா என்று அவள் கேட்டதே இல்லை. கேட்பதற்குரிய சொல் அவளிடம் இல்லை.

அன்று மாலையே 'வணக்கம்' பாடத்தைத் தள்ளி வைத்தோம்.

ஆடைத் தொழிலாளர்க்கு மொழி கற்பிப்பது நல்லறம் என்பதில் இன்று எவர்க்கும் மாறுபாடில்லை. வெளிநாட்டு நிறுவனங்கள் அதனைத் தம் அறிக்கைகளில் அச்சிடுகின்றன. அறஞ்சார்ந்த ஆடை என்று விளம்பரமும் செய்கின்றன. நாம் கேட்பது வேறு. கற்பிப்பது எந்த மொழி? 'சீக்கிரம்', 'இன்னும் ஐம்பது பீஸ்', 'பேசாதே', 'பிரித்துத் தை' ஆகியவற்றைப் புரிந்துகொள்ளும் அளவுக்குக் கற்பித்தால் பொறி வேகமாக ஓடும். தொழிலாளியின் நிலை கடுகளவும் மாறாது. ஏவலைப் புரிந்துகொள்ளும் தமிழ் ஒன்று. வினவுவதற்குரிய தமிழ் மற்றொன்று. முன்னதை எவரும் கற்பிக்கத் தேவையில்லை. இரண்டே வாரங்களில் தையற்கூடமே கற்பித்துவிடும். பின்னதைக் கற்பிப்பதே ஆசிரியர் பணி.

சட்டம் இதனை ஓரளவு அறிந்தே இருந்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் தொழிலாளருள் பெரும்பான்மையோர்க்குப் புரியும் மொழியிலும் ஒட்டப்பட வேண்டும் என்றது. பெரும்பான்மையோர் என்னும் அச்சொல்லை நோக்குக. இருநூறு தமிழ்ப் பெண்களிடையே முப்பது ஒடியப் பெண்கள் இருப்பின், தீ பற்றினால் எவ்வழியே ஓடுவது என்னும் அறிவிப்பு அம்முப்பதின்மர்க்கு வெறும் சுவர் அலங்காரமே. அச்சட்டத்தின் இடத்தில் தொழிலகப் பாதுகாப்புத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. தொகுப்பு மாறினாலும் சுவரிலுள்ள எழுத்து தானே மாறிவிடாது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், முறையீட்டை எழுத்தில் தர இயலாதவளுக்குக் குழுவே உதவ வேண்டும் என்கிறது. நல்ல விதி, ஆனால் குழுவிலுள்ளோர்க்குச் சந்தாலி தெரியுமா? விடுதிக் காப்பாளரையோ மேற்பார்வையாளரையோ மொழிபெயர்ப்பாளராக அழைத்து, அவர்மீதே முறையிடச் சொல்வது எத்தகைய நீதி?

இந்த வினா நம் காலத்தில் மட்டும் எழுந்ததன்று. 1909 நவம்பர் 22-இல் நியூயார்க்கில் கூப்பர் யூனியன் மண்டபத்தில் ஆடைத் தொழிலாளர் கூட்டம் கூடியது. தலைவர்கள் நெடுநேரம் பேசிய பின் கிளாரா லெம்லிக் என்னும் இளம்பெண் எழுந்து, தன் தாய்மொழியாகிய இத்திஷில் சில சொற்களே பேசி வேலைநிறுத்தத்திற்கு அழைத்தார். பல்லாயிரவர் பணியை விட்டு வெளியேறினர். இத்திஷ் அறியாத இத்தாலியப் பெண்களைத் திரட்டுவதே பெரும் இடராக இருந்தது. 1911 மார்ச் 25-இல் அந்நகரின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பற்றி 146 பேர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் யூத, இத்தாலியக் குடியேற்றப் பெண்கள். அத்தொழிற்சங்கம் பின்னர்த் தன் உறுப்பினர்க்கு ஆங்கில வகுப்புகள் நடத்தியது. அங்கே மொழிப்பாடம் கருணையாக வரவில்லை, தற்காப்பாக வந்தது.

அவ்வளவு தொலைவு செல்வானேன்? கேரள மாநில எழுத்தறிவு இயக்கம் 2017-இல் பெரும்பாவூரில் 'சங்ஙாதி' என்னும் திட்டத்தைத் தொடங்கி, வெளிமாநிலத் தொழிலாளர்க்கு மலையாளம் கற்பித்தது. 'ஹமாரி மலையாளம்' என்று பாடநூலும் வெளியிட்டது. சங்ஙாதி என்றால் தோழன். அப்பெயரே நமக்கு ஒரு பாடம். நம் தெருக்களில் அதே தொழிலாளர்க்கு வழங்கும் பெயரை இம்மலரில் அச்சிட நாம் கூசுகிறோம். மேலும், வடக்கிலிருந்து வருவோர் எல்லாரும் இந்தி பேசுவோர் என்று கருதுவதும் பிழை. சந்தாலியையோ ஹோ மொழியையோ தாய்மொழியாகக் கொண்டவளுக்கு இந்தியும் கற்ற மொழியே. மொழியுரிமைக்குக் குரல் கொடுத்த தமிழர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கற்பிக்கும் முறையில் நமக்கு மிகப் பயன்பட்டது, வியப்பாக, நம் பாட்டியர் வைத்திருந்த ஒரு வழி. தமிழெழுத்து அறியாத ஆனால் குர்ஆன் ஓத அறிந்த பெண்கள், அரபு எழுத்தில் எழுதப்பெற்ற தமிழை, அதாவது அரபுத்தமிழை, வீட்டிலிருந்தே படித்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர் அவ்வகையில் நூல்கள் செய்தனர். அறிந்த எழுத்தில் அறியாததைத் தருவதே அதன் நுட்பம். நாமும் அவ்வாறே தமிழ்ச் சொற்களை ஒடியா எழுத்தில் எழுதிக் கொடுத்தோம். 'சம்பளச் சீட்டு', 'விடுப்பு', 'மிகைநேரக் கூலி', 'ஊசி ஏறிவிட்டது', 'மருத்துவமனைக்குப் போக வேண்டும்', 'என்னைத் தொடாதே', 'கையெழுத்திடுமுன் படித்துக் காட்டுங்கள்'. தமிழெழுத்துப் பிறகு வரட்டும். விரலில் ஊசி ஏறியவள் 'அ, ஆ' முடியும்வரை காத்திருக்க இயலாது. சில சொற்களைக் கற்பிக்கவே வேண்டியிருக்கவில்லை. பொத்தான் துளைக்கு நம் தையற்காரர் சொல்லும் 'காஜா' அவர்களிடம் 'காஜ்'. நம் 'சாவி' அவர்களிடம் 'சாபி'. அரபியிலிருந்து வந்த 'பாக்கி' எல்லார்க்கும் பொது. சம்பள பாக்கி என்றவுடன் வகுப்பே நிமிர்ந்து அமர்ந்தது.

தூய தமிழ் கற்பிக்க வேண்டிய துறை 'டார்கெட்', 'ஓவர்லாக்', 'ஷிஃப்ட்' என்னும் சொற்களைக் கரும்பலகையில் எழுதலாமா என்று மூத்த ஆசிரியர் ஒருவர் நம்மை வினவினார். அவர்மீது நமக்கு மதிப்பு உண்டு. ஆயினும் தையற்கூடத்தில் வழங்காத சொல்லைக் கற்றவள் அங்கே மீண்டும் ஊமையாவாள். மேலும், அவ்வகுப்பில் நம் மாணவியரும் கற்றனர். ஒடியாவில் 'வலிக்கிறதா' என்று கேட்க இன்று அவர்களுள் நால்வருக்குத் தெரியும். அவர்கள் தேர்வில் பெற்ற மதிப்பெண் எதுவும் நமக்கு இத்துணை மகிழ்ச்சி தந்ததில்லை.

ஒரு குறையை மறைக்கலாகாது. நம் வகுப்பு மூன்று மாதங்களில் தேய்ந்து போயிற்று. முதல் வாரம் வந்தோர் இருபத்திரண்டு பேர், இறுதியில் ஐவர். ஆர்வம் இல்லாமையன்று. வாரத்தின் ஆறு நாளும் பொறியின்முன் அமர்ந்தவளுக்கு ஞாயிறு ஒன்றே துணி துவைக்கவும், வீட்டாரோடு பேசவும், உறங்கவும் உரிய நாள். அந்த நாளை நாம் நல்லெண்ணத்தோடு பறித்துக் கொண்டிருந்தோம். உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலி தருக என்னும் நபிகளாரின் அறிவுரையை மேடைதோறும் எடுத்துரைக்கும் நம் பெரியோருள், இப்புறநகரில் ஆடைக்கூடங்களும் தோலாடைக்கூடங்களும் நடத்துவோர் உண்டு. அவர்கள் இம்மலரைப் படிப்பர் என்று அறிவோம். அவர்களிடம் நாம் நன்கொடை கேட்கவில்லை. வாரத்திற்கு ஒரு மணி நேரம் கேட்கிறோம்: பணி நேரத்திற்குள், கூலி பிடிக்காமல், மேற்பார்வையாளர் உடன் அமராமல்.

ஒரு கரும்பலகையும் இருபது இருக்கைகளும் போதும். பாடத்தாள்களை நம் துறையே அச்சிட்டுத் தரும். மாணவியர் இருவர் இருவராக வருவர். மாலை நான்கு மணிக்கு மேல் வகுப்பு வைப்பின், அவர்கள் வீடு திரும்பப் பேருந்து கிடைக்கும் இடமாக இருத்தல் நலம்.