நீலக்கோடு போட்டால் அது திட்டம் ஆகிவிடாது, தம்பி

நீளமான பதிவு. பாதியில் கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன் இப்போது இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் வேலை பார்க்கிறான். பெயர் சொல்ல மாட்டேன், அவனுக்கே தெரியும். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். அக்டோபர் கடைசியில் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் பள்ளி விடுமுறையாம். நான்கு பெரியவர்கள், இரண்டு சிறுவர்கள். வாடகைக்கு மலை சைக்கிள் எடுத்துக்கொண்டு ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் மலைகளுக்குள் சுற்றப் போகிறார்கள். "டீச்சர், உங்க மக வீட்ல இருந்தப்ப அந்தப் பக்கமெல்லாம் பாத்திருக்கீங்களே, எங்க பிளான் எப்படி?" என்று கேட்டிருந்தான்.

படத்தில் இருந்தது கைப்பேசி வரைபடம், அதில் ஒரு நீலக்கோடு. பிளேர் அத்தோல் என்ற ஊரில் தொடங்கி, கிளென் டில்ட் என்ற பள்ளத்தாக்கு வழியாக மலையைக் கடந்து, அந்தப் பக்கம் லின் ஆஃப் டீ என்ற இடத்தில் முடிகிறது. கீழே எழுதியிருந்தான்: "35 கி.மீ. சராசரி வேகம் 15. இரண்டு மணி இருபது நிமிஷம். 11 மணிக்குக் கிளம்பினா பிரேமர்ல லஞ்ச்."

அதையே நம் பழைய மாணவர் குழுவிலும் போட்டான். கைதட்டல் குவிந்தது. "ரொம்ப பிளான் பண்ணாம போறதுதான்டா த்ரில்லு" என்று ஒருத்தி எழுதினாள். "அங்க சட்டமே இருக்கு, யாரும் தடுக்க முடியாது, எங்க வேணும்னாலும் ஓட்டலாம்" என்று இன்னொருவன். "ஏதாச்சும் ஆச்சுன்னா ஹெலிகாப்டரே வரும், ஃப்ரீ" என்று மூன்றாமவன். இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

முதலில் கணக்கு. காலம் என்பது தூரத்தை வேகத்தால் வகுத்தால் வருவது. அதை உனக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான்தான். வகுத்தது சரி. ஆனால் 15 என்று ஒரு வேகத்தை எங்கிருந்து எடுத்தாய்? லீட்ஸில் ஏரிக்கரைப் பாதையில் ஓட்டிய வேகம்தானே அது?

கிளென் டில்ட்டில் ஆரம்பத்தில் நல்ல பாதை, ஜீப் போகும் மண் சாலை. ஃபாரஸ்ட் லாட்ஜ் என்ற வீடு வரை சுமார் 13 கிலோமீட்டர். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் சாலை தேய்ந்து ஒற்றையடிப் பாதையாகிறது. மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டு போகும் பாதை, கீழே ஆறு. கல், சேறு, குறுக்கே ஓடும் ஓடைகள். அங்கே நீ சைக்கிளை ஓட்ட மாட்டாய், பல இடங்களில் சைக்கிளைத்தான் நீ தள்ளுவாய். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-லேயே நடப்பவர்களுக்கு ஒரு கணக்கு வைத்தார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், 2,000 அடி ஏற்றத்துக்குக் கூடுதலாக இன்னொரு மணி நேரம். தள்ளும் இடத்துக்கெல்லாம் அந்த நடைக்கணக்கைப் போடு. கூட இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனால் அதற்கு மேலும் சேர். அப்புறம் இரண்டு மணி இருபது நிமிடம் எங்கே நிற்கிறது என்று பார்.

இன்னும் இருக்கிறது. லின் ஆஃப் டீயில் இறங்கினால் சாப்பாட்டுக்கடை கிடையாது. பிரேமர் அங்கிருந்து இன்னும் 10 கிலோமீட்டர். சரி, சாப்பிட்டாயிற்று. கார் எங்கே நிற்கிறது? மலைக்கு இந்தப் பக்கம், பிளேர் அத்தோலில். பிரேமரில் ரயில் நிலையம் இல்லை. சாலை வழியாகச் சுற்றி வந்தால் எழுபது கிலோமீட்டருக்கு மேல். ஆறு பேர், ஆறு சைக்கிள். எப்படித் திரும்புவதாக உத்தேசம்? படத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள். உங்கள் விடுமுறை வாரம் பெரும்பாலும் அதற்கு அடுத்துத்தான் வரும். சாயங்காலம் நாலரை மணி வாக்கில் சூரியன் போய்விடும். 11 மணிக்குக் கிளம்புகிறவன் கையில் ஐந்தரை மணி நேர வெளிச்சம்தான்.

ஆற்றுக்கு வருகிறேன். இருபது கிலோமீட்டர் தாண்டியதும் டார்ஃப் என்ற ஓடை டில்ட் ஆற்றில் வந்து விழுகிறது. அங்கே ஒரு சின்னத் தொங்குபாலம். 1879 ஆகஸ்டில் ஃபிரான்சிஸ் பெட்ஃபோர்டு என்ற 18 வயதுப் பையன் அங்கே நீரில் மூழ்கி இறந்தான். அவன் நண்பர்களும் மற்றவர்களும் பணம் போட்டு, பொதுப்பாதை உரிமைக்கான சங்கமும் சேர்ந்து, 1886-இல் கட்டிய பாலம் அது. அதைத் தாண்டி மேலே போனால் கெல்டி என்று இன்னொரு ஓடை. அதற்குப் பாலம் இல்லை, இறங்கித்தான் கடக்க வேண்டும். வறண்ட நாளில் கணுக்கால் அளவு என்பார்கள். மேலே மழை பெய்தால் சில மணி நேரத்தில் கடக்கவே முடியாதபடி ஏறிவிடும். குற்றாலத்தில் நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே மலையில் பெய்த மழை அருவியில் வந்து இறங்கும், பார்த்திருக்கிறீர்கள். அதே கதைதான், தண்ணீர் மட்டும் ஐஸ். யோசித்துப் பார், கெல்டி வருவது பயணத்தின் கடைசிப் பகுதியில். அங்கே தண்ணீர் ஏறியிருந்தால், வந்த வழியெல்லாம் திரும்ப வேண்டும். இருட்டில், இரண்டு பிள்ளைகளோடு.

இதையெல்லாம் புத்தகத்தில் படித்து நான் உபதேசம் பண்ணவில்லை. மகள் வேண்டாம் என்றாள், மாப்பிள்ளைதான் "எழுதுங்க அத்தை, நாலு பேருக்கு உதவும்" என்றார். எழுதுகிறேன்.

மகள் இருப்பது ஸ்காட்லாந்தில் உள்ள பெர்த். நான் போயிருந்த வருஷம், செப்டம்பர் கடைசி. சனிக்கிழமை காலையில் மாப்பிள்ளையும் பதின்மூன்று வயதுப் பேரனும் சைக்கிள்களைக் காரில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். "பிளேர் அத்தோல் பக்கம் ஒரு ரவுண்டு, நாலு மணிக்கெல்லாம் வந்துருவோம்." நான் இட்லி கட்டிக் கொடுத்தேன். நாலு மணி ஆயிற்று, ஆறு ஆயிற்று. ஏழு மணிக்குச் சூரியன் மறைந்தது. கைப்பேசி போகவில்லை, அந்தப் பள்ளத்தாக்குக்குள் சிக்னல் கிடையாது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. எட்டரைக்கு மகள் 999-க்கு அடித்தாள்.

அந்தப் போலீஸ்காரர் பொறுமையாகக் கேட்டார். எந்த வழி? எங்கே காரை நிறுத்தினார்கள்? எந்தப் பக்கம் முடிப்பதாகச் சொன்னார்கள்? சட்டை என்ன நிறம்? விளக்கு இருக்கிறதா? தடை வந்தால் எந்த வழியாகத் திரும்புவார்கள்? என் மகள் படித்த பெண், நல்ல வேலையில் இருப்பவள். ஒரு கேள்விக்குக்கூட அவளால் பதில் சொல்ல முடியவில்லை. "பிளேர் அத்தோல் பக்கம்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்த ஊரிலிருந்து மலைக்குள் எத்தனையோ வழிகள் பிரிகின்றன. பேரன் எந்தச் சட்டை போட்டிருந்தான் என்று எனக்கும் நினைவில்லை. காலையில் அவன் தலையைத் தடவி அனுப்பியவள் நான்.

ஒன்பது மணிக்கு மேல் போன் வந்தது. நடந்தது இதுதான்: தொங்குபாலம் தாண்டியதும் கூரான கல்லில் டயர் கிழிந்திருக்கிறது. மாற்று டியூப் ஒன்று இருந்தது. பம்பு பொருந்தவில்லை! மலை சைக்கிள் டியூபில் வால்வு பெரும்பாலும் இரண்டு வகை, ஒன்று கார் டயரில் உள்ளது போலத் தடித்தது, மற்றது பென்சில் போல ஒல்லி. இவர் வாங்கி வைத்திருந்த பம்பு ஒரு வகைக்கு, டியூப் இன்னொரு வகை. இருபது கிலோமீட்டருக்கு மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார்கள். கடைசி இரண்டு மணி நேரம் கைப்பேசி வெளிச்சத்தில். வீட்டுக்கு வந்து பேரன் சொன்னது, "ஆச்சி, இட்லி மூணு மணிக்கே தீர்ந்துபோச்சு." நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன்.

மாப்பிள்ளையிடமும் கைப்பேசியில் அதே நீலக்கோடு இருந்தது. அவர் வழி தவறவே இல்லை. கோடு அவர் பையில் இருந்தது, தேவைப்பட்டதோ வீட்டில் இருந்த எங்களுக்கு. ஒரு தாள் போதும். எங்கே தொடங்குகிறோம், எங்கே முடிக்கிறோம், யார் யார், என்ன உடை, கார் எண், எத்தனை மணிக்கு எந்த இடத்தில் இருந்தாலும் திரும்புவோம், எத்தனை மணிக்குள் போன் வரவில்லை என்றால் போலீஸைக் கூப்பிட வேண்டும். ஆசிரியர் பயிற்சியில் பாடக்குறிப்பு எழுதாமல் வகுப்புக்குள் காலே வைக்க விடமாட்டார்கள். நாற்பது நிமிடப் பாடத்துக்கு இரண்டு பக்கம் எழுதினோம். எட்டு மணி நேர மலைக்கு எட்டு வரி எழுத உங்களுக்கு வலிக்கிறதா?

சட்டம் பேசியவனுக்கு. சட்டம் இருப்பது உண்மைதான். 2003-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம், மோட்டார் இல்லாமல் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பெரும்பாலான நிலங்களில் எல்லோருக்கும் உரிமை தருகிறது. நீங்கள் இருக்கும் இங்கிலாந்தில்கூட அப்படி இல்லை. ஆனால் அதே சட்டம் பொறுப்போடு பயன்படுத்து என்றும் சொல்கிறது, அந்த வரியை மட்டும் விட்டுவிட்டாய். அக்டோபர் கடைசியில் அங்கே பெண்மான் வேட்டைக்காலம், மலையில் துப்பாக்கியோடு ஆட்கள் இருப்பார்கள். கார் நிறுத்துமிடத்து அறிவிப்புப் பலகையைப் படிக்கவோ, எஸ்டேட்டைக் கேட்கவோ வேண்டியது உன் பொறுப்பு.

அந்த உரிமை சும்மா வந்ததும் இல்லை. இதே கிளென் டில்ட்டில், 1847-இல், எடின்பரோவின் தாவரவியல் பேராசிரியர் ஜான் ஹட்டன் பால்ஃபர் தன் மாணவர்களைச் செடி பார்க்க அழைத்துக்கொண்டு வந்தார். அத்தோல் பிரபு தன் ஆட்களோடு வழிமறித்தார். வாக்குவாதம் முற்றி, வாத்தியாரும் பிள்ளைகளும் சுவர் ஏறிக் குதித்துத் தப்பினார்கள். அப்புறம் நீதிமன்றம் வரை போய் அந்தப் பாதை பொதுப்பாதை என்று நிலைத்தது. நம் இனத்துக்காரர் ஒருவர் வாங்கிக் கொடுத்த பாதை என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. பிரபுவைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. கெல்டி ஓடையைத் தடுக்க?

ஹெலிகாப்டர்காரனுக்கு. ஆமாம், பணம் கேட்க மாட்டார்கள். ஆனால் மலை மீட்புக் குழுவில் வருகிறவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். வேலைக்குப் போய் வந்து சாப்பிட உட்கார்ந்தவர்கள், பிள்ளையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தவர்கள், உனக்காக மழையில் எழுந்து வருகிறார்கள். உன் பம்பு பொருந்தாததற்கு. இலவசம் என்று எப்படிடா வாய் வருகிறது?

இதற்குள் பெரியப்பா ஒருவர் கீழே எழுதுவார் என்று தெரியும்: "இதுக்குத்தான் சொல்றேன், எதுக்கு இந்த வேண்டாத வேலை, லண்டன்லயே சுத்திப் பாக்கக் கூடாதா?" இல்லை பெரியப்பா. போகட்டும். அடுத்த வாரம் என்னையும் அங்கே கூட்டிப் போனார்கள், முதல் மூன்று கிலோமீட்டர் நடந்தேன். பூர்ச்ச மரமெல்லாம் மஞ்சள், ஆற்றில் தேநீர் நிறத்தில் தண்ணீர், எங்கோ ஆண்மான் உறுமுகிற சத்தம். மாடு கத்துகிறது என்று நினைத்தேன். என் பேரன் அதைக் கேட்டு வளர்வதில் எனக்குச் சந்தோஷம்தான். போகாதே என்பவர்களும் எப்படியும் போ என்பவர்களும் எனக்கு ஒன்றுதான். இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு தாள் எழுதமாட்டார்கள்.

சரி தம்பி, உன் தாளுக்கு மதிப்பெண் போடவில்லை, திருப்பிக் கொடுக்கிறேன். அக்டோபரில் மலையைக் கடக்க வேண்டாம், ஜூனில் வைத்துக்கொள். இப்போது ஃபாரஸ்ட் லாட்ஜ் வரை போய், போன வழியே திரும்பு. போக வர 26 கிலோமீட்டர், பிள்ளைகளுக்கு அதுவே நிறைய. ஒன்பதரைக்குக் கிளம்பு. மதியம் ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் சைக்கிளைத் திருப்பு, "இன்னும் கொஞ்சம்தான்" என்று எவன் சொன்னாலும் கேட்காதே. ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடம், 1:50,000 அளவு, தாள் எண் 43, காகிதத்தில் வாங்கு. சம உயரக் கோடுகள் நெருங்கினால் செங்குத்து என்று உனக்கு மறந்திருக்காது. ஆளுக்கொரு விளக்கு, ஒரு விசில். ஆபத்து என்றால் 999, முதலில் போலீஸ் கேள், பிறகு மலை மீட்பு என்று சொல். அந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தியும் அனுப்பலாம், ஆனால் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும், அதை இன்றைக்கே செய்.

தாளை எழுதி உன் மனைவியின் தங்கை வீட்டில் ஒன்று, எனக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. பம்பை மட்டும் கடைக்காரர் சொன்னார் என்று நம்பாதே, வாடகைக்கு எடுக்கும்போது ஆறு சைக்கிளின் வால்வையும் குனிந்து பார்த்து, அங்கேயே ஒரு முறை காற்றடித்துப் பார்த்துவிட்டு வாங்கு.