ஏர் இல்லாத ஏக்கர்

புனே அருகே உள்ள பிம்ப்ளே சௌதாகரில் இன்று நிலத்தைச் சதுர அடிக் கணக்கில்தான் பேசுகிறார்கள். 1910களில் அதே ஊரைக் கால் ஏக்கர், அரை ஏக்கர் என்று ஒரு வெள்ளைக்காரர் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். புனே வேளாண்மைக் கல்லூரி முதல்வர் ஹரால்ட் மான். மண், கிணறு, கடன், வரவு, செலவு என்று எல்லாவற்றையும் குடைந்து 1917ல் அவர் வெளியிட்ட ஆய்வு, இந்திய கிராம ஆய்வுகளில் முன்னோடி.

அதில் கலவரப்படுத்திய விஷயம் நிலத்தின் அளவு. 1771ல் ஒருவரிடம் சராசரியாக 40 ஏக்கர் இருந்த ஊரில், 1915ல் 7 ஏக்கர்தான். 156 பேரின் நிலம் எழுநூற்றுக்கும் அதிகமான துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது. அவற்றில் 463 துண்டுகள் ஒரு ஏக்கருக்கும் குறைவு. 112 துண்டுகள் கால் ஏக்கர்கூட இல்லை. பாகப்பிரிவினை என்றால் அண்ணனுக்கு ஒரு வயல், தம்பிக்கு ஒரு வயல் என்று முடிவதில்லையே! நல்ல மண்ணிலும் பாதி வேண்டும், கரம்பிலும் பாதி வேண்டும்.

நோய் தெரிந்ததும் வைத்தியர்கள் கிளம்பினார்கள். ஒரு குடும்பம் கௌரவமாகப் பிழைக்கத் தேவையான நிலத்தை இனி கூறுபோட முடியாதபடி சட்டம் போட வேண்டும் என்றார் பம்பாய் மாகாண வேளாண்மை இயக்குனர் கீட்டிங். மசோதாவின் நகலும் தயார். பங்கு கிடைக்காத மற்ற பிள்ளைகள் எங்கே போவார்கள்?

1918ல் இந்த வாதத்தை ஒரு 27 வயது இளைஞர் அடியோடு புரட்டிப் போட்டார். லண்டன் படிப்பை முந்தைய ஆண்டுதான் பாதியில் விட்டுத் திரும்பியிருந்த பி.ஆர். அம்பேத்கர். சட்ட மேதையாகவே அவரை அறிந்தவர்களுக்கு, சிறு நிலங்களைப் பற்றி இந்தியப் பொருளாதாரச் சங்க இதழில் அவர் எழுதிய கட்டுரை ஒரு ஆச்சரியம்.

நிலம் எத்தனை வயிற்றை நிரப்பும் என்று அளப்பதே தவறு என்றார் அவர். கீட்டிங்கும் மானும் செய்தது அதைத்தான். கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த நிலத்தில் போட உழவனிடம் எத்தனை மாடு, எத்தனை ஏர், எவ்வளவு முதல் இருக்கிறது? இவை மூன்றும் சரியான விகிதத்தில் இருந்தால் இரண்டு ஏக்கரும் லாபம் தரும். இல்லாவிட்டால் இருபது ஏக்கரும் தண்டம். கருவிகளும் மாடுகளும் இவ்வளவு குறைவாக உள்ள நாட்டில், நிலங்கள் சிறியவை என்பதைவிட அளவுக்கு மீறிப் பெரியவை என்பதே பொருத்தம் என்று அவர் எழுதியதைப் படித்த அதிகாரிகள் திகைத்திருக்க வேண்டும்.

சிதறிய துண்டுகளை ஒன்றுசேர்ப்பதை அவர் எதிர்க்கவில்லை. ஆனால் நிலம் துண்டாவதற்குக் காரணம் வாரிசுச் சட்டம் அல்ல, வேறு பிழைப்பு இல்லாமல் எல்லோரும் அதையே பிடித்துத் தொங்குவதுதான் என்றார். வயலில் உபரியாக நிற்பவர்களைத் தொழில்கள் இழுத்துக்கொண்டால் கையில் முதலும் சேரும், நிலமும் தானாகப் பெரிதாகும். 1927ல் சிறு நில மசோதா பம்பாய் சட்டசபைக்கு வந்தபோதும், இது நிலமற்றவர்களைத்தான் பெருக்கும் என்று எதிர்த்துப் பேசினார். அவர் காட்டிய மாற்று, கூட்டுறவு விவசாயம்.

மான் ஆராய்ந்த ஊரின் பக்கமாகவே தொழில் வந்தது. 1954ல் பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ், பிறகு வாகனத் தொழிற்சாலைகள், ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் நிறுவனங்கள். வயலில் நின்றவர்களுக்கு வேறு வேலை கிடைத்தது. ஆனால் நிலம் பெரிய பண்ணையாகவில்லை, அடுக்குமாடி ஆகிவிட்டது. மனை விலை இப்படி ஏறும் என்பது 1918ன் கணக்கில் இல்லை.

மற்ற கிராமங்களில் நிலம் இன்னும் சுருங்கியது. 1970-71ல் 2.28 ஹெக்டேராக இருந்த இந்திய சராசரி, 2015-16 கணக்கெடுப்பில் 1.08 ஹெக்டேர். நாட்டின் வருமானத்தில் விவசாயத்தின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் உழைப்பவர்களில் அதை நம்பியிருப்பவர்கள் 2018-19ல் 42.5 சதவீதம். கொரோனாவில் நகரங்கள் கைவிட்ட பிறகு அந்த எண்ணிக்கை ஏறியது. 2023-24லும் அது இறங்கவில்லை: 46.1 சதவீதம்.