திரை விலக்குவோரும் திரை போட மறுப்போரும்

ஹை-ஃபை இதழ்களில் சிடி பிளேயர் மதிப்புரை என்றொரு எழுத்துவகை உண்டு. சில ஆண்டுகள் அதைப் படித்தவர்க்கு முதல் பத்தியிலேயே முடிவு தெரிந்துவிடும். புதிய கருவி வந்திருக்கிறது, விலை நடுத்தரம். முந்தைய மாதிரியைவிட ஒலி தெளிவாக இருக்கிறது. இசைக்கு முன் தொங்கிய திரையொன்று விலகியதுபோல் இருக்கிறது. கீழ்ச்சுரங்கள் இறுக்கம், மேல்சுரங்கள் இனிமை. ஆயினும் இருமடங்கு விலையுள்ள கருவி தரும் ‘ஏதோ ஒன்று’ இதில் இல்லை. 1982 அக்டோபரில் சோனியின் சிடிபி-101 ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அன்றுதொட்டு ஆண்டுக்கொரு திரை என்று குறைத்துக் கணக்கிட்டாலும் இதுவரை நாற்பதுக்கு மேற்பட்ட திரைகள் விலகியிருக்க வேண்டும். விலகுவதற்கு முந்தைய ஆண்டில் அத்திரை தொங்கிக்கொண்டிருந்ததை எந்த மதிப்புரையாளரும் கண்டு எழுதவில்லை என்பதுதான் விந்தை.

இது பொழுதுபோக்கினரின் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அந்தப் பக்கங்களைப் படித்துத்தான் பணம் கைமாறுகிறது. மூன்று நான்கு கருவிகளை ஒரே அறையில் அருகருகே வைத்துக் கேட்டுப் பார்த்து வாங்கும் வாய்ப்பு இந்திய நகரங்கள் பலவற்றில் அரிது. எனவே இங்கே வாங்குபவர் பெரும்பாலும் சொல்லை நம்பியே வாங்குகிறார். ஒரு மாதச் சம்பளத்தையோ அதற்கு மேலோ கொடுத்து அவர் வாங்குவது, வேறொரு நாட்டில் வேறொருவர் எழுதிய பெயரடைகளை. அப்பெயரடைகளுக்குப் பொருள் உண்டா என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.

பொருள் இல்லாத சொற்றொடர்களில் முதலிடம் ‘இந்த விலைக்கு’ என்பதற்கு. உயரம் குறைந்த ஒட்டகச்சிவிங்கி உயரமான மனிதரைவிட உயரமானதே. ‘உயரம்’ என்ற சொல் எந்த வகுப்போடு ஒப்பிடப்படுகிறதோ அதைப் பொறுத்தே பொருள் கொள்கிறது. இது மொழியின் இயல்பு, குற்றமன்று. ஒட்டகச்சிவிங்கியையும் மனிதரையும் ஓர் அளவுகோலால் அளந்துவிடலாம் என்பதால் அங்கே குழப்பமும் இல்லை. ‘இந்த விலைக்குச் சிறந்த ஒலி’ என்னும்போதோ ஒப்பீட்டு வகுப்பு மட்டும் இருக்கிறது, அளவுகோல் இல்லை. அதனால் விலையே அளவுகோலாகிவிடுகிறது. நடுத்தர விலைக் கருவி மலிவான கருவியை வென்றாக வேண்டும். விலையுயர்ந்ததிடம் தோற்றாக வேண்டும். விலைப்பட்டியலைப் பார்த்தே எழுதிவிடக்கூடிய இத்தீர்ப்புக்குக் கேட்டல் எதற்கு? ஏணியின் நடுப்படியில் நிற்கும் கருவி கடைசிப்படியோடு சமம் என்று ஓர் இதழ் எழுதிவிட்டால், அடுத்த மாதம் அந்த ஏணிக்கே வேலையில்லை.

இதைவிடத் துணிச்சலானது 1980கள் முதல் பிரித்தானிய இதழ்கள் பரப்பிய ‘பேஸ், ரிதம், டைமிங்’ என்ற மும்மை. இன்ன கருவியில் தாளம் துள்ளுகிறது, இன்னதில் தளர்கிறது என்று நடுத்தர விலைக் கருவிகளைத் தரம்பிரிக்க இதைப் பயன்படுத்தியவர்கள் ஏராளம். சுழல்தட்டுக் காலத்தில் இதற்கு ஓரளவு அடிப்படை இருந்தது. தட்டின் வேகம் ஏறி இறங்கினால் சுருதியும் காலமும் அசையும். சிடி பிளேயரில் காலத்தைக் காப்பது ஒரு குவார்ட்ஸ் படிகம். தகடு சுழலும் வேகம் சற்றே தடுமாறினாலும், படித்த தரவு இடைநினைவகத்தில் தங்கிப் படிகத்தின் துடிப்புக்கேற்பவே வெளியேறும். அப்படிகம் பத்து லட்சத்தில் 50 பங்கு பிழைபட்டதாகவே கொள்வோம். ஒரு மணி நேரக் கச்சேரியின் இறுதியில் விளையும் வேறுபாடு 0.18 விநாடி, சுருதி வேறுபாடு ஓர் அரைச்சுரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மிருதங்கக்காரரின் விரலில் இருக்கும் துள்ளலைக் கருவியின் கணக்கில் எழுதுவது அவருக்கும் இழைக்கும் அநீதி.

கருவிகளுக்கிடையே வேறுபாடே இருந்ததில்லை என்று சொல்வதும் பொய்யாகும். பிலிப்ஸும் சோனியும் 1980இல் வகுத்த ‘ரெட் புக்’ தரம் விநாடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட் என்று நிர்ணயித்தது. அதை நிறைவேற்றிய வழிகள் வேறுவேறு. சிடிபி-101 ஒரே மாற்றியை இடவலத் தடங்கள் இரண்டுக்கும் மாறிமாறிப் பயன்படுத்தியதால், இரண்டுக்குமிடையே ஏறக்குறைய 11 மைக்ரோவிநாடி பிசகு இருந்தது. பிலிப்ஸின் தொடக்கக் கருவிகள் 14 பிட் மாற்றியை வைத்துக்கொண்டு, நான்மடங்கு மாதிரியெடுப்பால் குறையை ஈடுகட்டின, அழகான பொறியியல். தொடக்ககாலத் தகடுகள் சிலவற்றில் மேல் அதிர்வெண்களைத் தூக்கிப் பதியும் ‘ப்ரி-எம்ஃபசிஸ்’ முறை இருந்தது. அதைக் கண்டுகொண்டு திரும்பத் தாழ்த்தாத கருவியில் பாடகரின் சகரம் ஒவ்வொன்றும் சீறும். இவையெல்லாம் அளக்கத்தக்கவை, கேட்டுச் சரிபார்க்கத்தக்கவை. ‘சகரம் சீறுகிறது’ என்பது பொருளுள்ள மதிப்புரை வாக்கியம். எந்தத் தகட்டில், எந்த இடத்தில் என்று கேட்கலாம். மற்றொருவர் கேட்டுப் பார்த்து மறுக்கலாம். ‘இசைத்தன்மை மிக்கது’ என்பதை மறுப்பது எப்படி?

மேற்சொன்ன குறைகள் பெரும்பாலும் 1980களோடு போயின. அடுத்த பத்தாண்டில் வந்த நல்ல நடுத்தரக் கருவிகள் கேட்கும் எல்லை முழுவதிலும் ஏறத்தாழ நேர்கோடாக ஒலிப்பவை. எஞ்சியிருந்த வேறுபாடுகளில் காதுக்கு எளிதில் எட்டக்கூடியது மிக அற்பமானது: ஒலியளவு. வெளியீட்டு மின்னழுத்தம் 2 வோல்ட் என்பது வழக்கம், ஆனால் 2.3 வோல்ட் தரும் கருவிகளும் உண்டு. வேறுபாடு ஏறக்குறைய 1.2 டெசிபெல். இவ்வளவு சிறிய ஏற்றத்தைக் காது ‘உரப்பு’ என்று உணர்வதில்லை. ‘தெளிவு’, ‘உயிர்ப்பு’, ‘நெருக்கம்’ என்றே உணரும். ஒரு கருவியைக் கழற்றி இன்னொன்றைச் செருகி, ஒலியளவுத் திருகைத் தொடாமல் கேட்டு எழுதிய மதிப்புரைகளில் எத்தனை திரைகள் அந்த 0.3 வோல்ட்டால் விலகியவை? விற்பனைக்கூடத்தில் இந்த உத்தியைத் தெரிந்தே செய்பவர் உண்டு. மதிப்புரையாளர் தெரியாமலேயே செய்கிறார் என்பதுதான் அவருக்குச் சாதகமாகச் சொல்லக்கூடியது.

தீர்வு புதியதன்று. இரு கருவிகளின் ஒலியளவை வோல்ட்மீட்டரால் 0.1 டெசிபெல்லுக்குள் சமன்செய்து, எது ஒலிக்கிறது என்பதை மறைத்துவிட்டு, பலமுறை கேட்கச் செய்து விடைகளை எண்ணினால் போதும். முதலில் ‘அ’, பிறகு ‘ஆ’, பிறகு இரண்டில் ஏதோ ஒன்று. மூன்றாவது எது என்று சொல்ல வேண்டும். பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மன்சனும் கார்ட்னரும் 1950இலேயே முன்வைத்த முறை இது. பேச்சொலி ஆய்வாளர்கள் அதை எடுத்துக்கொண்டனர். மெய்யெழுத்தொலிகளை மனம் எல்லை பிரித்துக் கேட்கிறது என்பதைக் காட்டிய லிபர்மன் குழுவின் 1957ஆம் ஆண்டுச் சோதனையும் இதே வடிவில் அமைந்ததே. ஹை-ஃபை உலகில் இதைப் பேசினால் மட்டும் ஏதோ இசையின் எதிரிகள் நேற்றுக் கண்டுபிடித்த சூழ்ச்சிபோல் பார்க்கிறார்கள்.

‘காதை நம்புங்கள், கருவியளவை நம்பாதீர்கள்’ என்பது அவர்களது நிலையான முழக்கம். மறைத்துக் கேட்கும் சோதனையில் தீர்ப்புச் சொல்வது காது மட்டுமே. பெயர்ப்பலகை, முகப்பின் அலுமினியம், பெட்டியின் எடை, விலைச்சீட்டு ஆகியவை அங்கே வாய்திறக்க முடியாது. காதை நம்பச் சொல்பவர்கள் காதைத் தனியே விடத்தான் அஞ்சுகிறார்கள். கண் காதை ஏமாற்றும் என்பது பழிச்சொல் அன்று. மெக்கர்க்கும் மெக்டொனால்டும் 1976இல் வெளியிட்ட சோதனை மொழியியல் மாணவர் அனைவரும் அறிந்தது. ஒலிப்பது ‘கம்பம்’ என்பதில் வரும் பகரம். திரையில் தெரியும் வாய் அசைப்பது ‘மங்கை’ என்பதில் வரும் ககரம். பார்த்துக்கொண்டே கேட்பவர்க்குக் கேட்பதோ ‘பந்து’ என்பதில் வரும் தகரத்தை ஒத்த ஒலி. கண்ணை மூடினால் பகரம் திரும்பிவிடும். இது ஏமாற்று என்று தெரிந்த பிறகும் விளைவு மறைவதில்லை. நேர்மையும் அனுபவமும் எத்தனை இருந்தாலும், முகப்பைப் பார்த்துக்கொண்டு கேட்கும் மதிப்புரையாளர் மனித மூளையைத்தான் வைத்திருக்கிறார்.

அடுத்த மறுப்பு: குறுகிய சோதனையில் பதற்றம் மிகும், உண்மையான குணம் வாரக்கணக்கில் பழகினால்தான் தெரியும். அப்படியானால் வாரக்கணக்கில் மறைத்துக் கேட்கலாமே, யார் தடுத்தார்? மேயரும் மோரனும் 2007இல் ஆடியோ பொறியியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளியிட்ட சோதனை ஏறக்குறைய ஓராண்டு நடந்தது. உயர்தெளிவுத் தகடுகளின் ஒலியை, சிடி தரத்துக்கு மாற்றித் திரும்ப ஒலியாக்கும் ஒரு சுற்றின் வழியே செலுத்தியும் செலுத்தாமலும் கேட்கச் செய்தனர். கேட்டவர்களில் ஒலிப்பதிவுப் பொறியாளர்களும் ஹை-ஃபை ஆர்வலர்களும் இருந்தனர். மொத்தம் 554 முயற்சிகள். சரியான விடை 276. காசைச் சுண்டிப் போட்டாலும் ஏறத்தாழ இதுவே வரும். வழக்கத்துக்கு மிஞ்சிய உரப்பில் மட்டும், அமைதியான இடங்களில் பின்னணி இரைச்சல் காட்டிக்கொடுத்தது. தகடுகளின் தேர்வு குறித்து எழுந்த குறைகளில் நியாயம் உண்டு. உயர்தெளிவு பற்றிய வாதத்தை அவை தொடலாம். 16 பிட் மாற்றிகளின் வழியே சென்று வந்த இசையில் ‘திரை’ எதுவும் தட்டுப்படவில்லை என்பதைத் தொடுவதில்லை.

இங்கே எதிர்முகாமுக்கும் ஒரு வார்த்தை. ‘எல்லா சிடி பிளேயரும் ஒன்றுதான்’ என்று உலகளாவிய தீர்ப்பு வழங்குவோர், ‘வேறுபாடு கண்டறியப்படவில்லை’ என்பதையும் ‘வேறுபாடு இல்லை’ என்பதையும் ஒன்றாக்குகிறார்கள். மராண்ட்ஸ் சிடி-63இன் கென் இஷிவாட்டா கையொப்பப் பதிப்பில் செம்புப் பூச்சிட்ட அடிச்சட்டகமும் வளைய மின்மாற்றியும் இருந்தன, மாற்றம் உண்மையானது. அது கேட்கிறதா என்பது கேட்டு எண்ணி அறிய வேண்டிய கேள்வி. கேட்காமலே ‘இல்லை’ என்பவரும், பெட்டியின் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு ‘ஆம்’ என்பவரும் ஒரே சோம்பலின் இரு கிளைகள். ஆனால் ‘கேட்கிறது’ என்று சொல்லிக் காசு வாங்கும் தரப்புக்கே மெய்ப்பிக்கும் கடமை.

இந்த வழக்கு இறக்குமதியாகித் தமிழிலும் புழங்கத் தொடங்கிவிட்டது. ‘வார்ம்’, ‘பிரைட்’, ‘ஏரி’ என்று மூன்று சொற்கள் இருந்தால் மதிப்புரை தயார். ஒலியைப் பிரித்துச் சொல்லத் தமிழில் சொல்வளம் குறைவன்று: கணீர், கம்மல், கார்வை, கரகரப்பு, இரைச்சல், சீறல். இவற்றில் பெரும்பாலானவை ஒலியின் ஒரு குறிப்பிட்ட குணத்தைச் சுட்டுபவை. கார்வை என்றால் நாதம் எவ்வளவு நேரம் நீள்கிறது என்று கேட்கலாம். ‘வார்ம்’ எதையும் சுட்டுவதில்லை. எழுதியவர் மகிழ்ச்சியாக இருந்தார் என்பதை மட்டும் சுட்டுகிறது.

இத்தனைக்கும் நடுவே, வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டியவை எழுதப்படாமலே போகின்றன. தட்டை வெளித்தள்ளும் ரப்பர் பட்டை சில ஆண்டுகளில் தளரும், மாற்றுவது எளிதா? லேசர் தலை தேய்ந்தால் அதே வகை இன்னும் கிடைக்குமா, உற்பத்தி நின்றுவிட்டதா? கீறல் விழுந்த தகட்டையும் வீட்டில் எழுதிய சிடி-ஆரையும் கருவி எந்த அளவுக்குப் படிக்கிறது? ஒரு பாடல் முடிந்து அடுத்தது இடைவெளியின்றித் தொடரும் கச்சேரிப் பதிவில் நடுவே மௌனம் விழுகிறதா? உட்சுழலியின் முனகல் ஆலாபனையின் நடுவே அறையில் கேட்கிறதா? இவை ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று விடை உண்டு. ஆறு பத்தி ஒலிவருணனைக்குப் பிறகு இவற்றுக்கு மதிப்புரை ஒதுக்குவது, ரிமோட் கைக்கு அடக்கமாக இருக்கிறது என்னும் அரை வரி.