சேற்றில் இறங்கும் எந்திரம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

"படித்து என்னவாகப் போகிறாய்?" என்று ஊரில் கேட்பவர்களிடம், வேளாண்மைக்கான ரோபோக்களை வடிவமைக்கும் எந்திரவியல் பொறியாளர் ஆவேன் என்கிறேன். சிரிக்கிறார்கள். பி.எஸ்ஸி. படிப்பவன் பொறியாளர் ஆவது எப்படி என்கிறார்கள். (பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்தவர், பட்டம் பெற்றபின் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். நம் வகுப்பிலேயே பலருக்கு இது தெரியாது.) சிலர், "ரோபோ என்றால் கணிப்பொறிக்காரர் வேலைதானே?" என்கிறார்கள். இதைத்தான் நான் மறுக்கிறேன்.

களையையும் பயிரையும் பிரித்துப் பார்க்கும் கண்ணைக் காமிராவும் கணிப்பொறியும் தந்துவிட்டன. காலை யார் தருவது? களிமண்ணில் சக்கரம் புதைந்தால் எவ்வளவு அறிவுள்ள எந்திரமும் நின்றுவிடும். எடையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம் என்று பள்ளியில் படித்தோமே, வயலில் எந்திரத்தின் தலையெழுத்தே அதுதான். பேரிங்குக்குள் சேற்றுநீர் புகக்கூடாது, 25 செ.மீ. இடைவெளியில் பயிரை மிதிக்காமல் திரும்பவும் வேண்டும்.

ஜப்பானில் நெல்வயலில் வாத்துகளை விட்டுக் களையைக் கட்டுப்படுத்தும் வழக்கம் உண்டு. அதைப் பார்த்து நிசான் கார் நிறுவனப் பொறியாளர் ஒருவர் எந்திர வாத்து ஒன்றை உருவாக்கினார். 2019-இல் அதை வயலில் விட்டுப் பார்த்தார்கள். அது நீரில் மிதக்கும். அடியில் இரண்டு ரப்பர் தூரிகைகள் சுழன்று சேற்றைக் கலக்கும். கலங்கிய நீருக்குள் வெயில் இறங்காததால் களை வளர முடியாது. புதையும் சிக்கலை மிதந்தே தீர்த்துவிட்டார்கள்!

களையெடுக்கக் கூலிக்குப் போகும் என் அம்மாவிடம் இதை வியந்து சொன்னேன். "அது வந்துட்டா எனக்கு யாருடா கூலி குடுப்பா?" என்றார். என்னிடம் விடை இல்லை. அந்தக் கூலியில்தான் என் விடுதிக் கட்டணம் கட்டியிருக்கிறோம். மேடையில் முன்னேற்றம் என்று முழங்குவோர் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆளில்லாமல் ஓடும் எந்திரத்தைவிட, களையெடுக்கும் பெண்கள் தாமே நடத்தும் எந்திரமே நமக்கு முதலில் வேண்டும் என்பது என் கருத்து. மோட்டாரும் காமிராவும் இருக்கட்டும்; கூலி அவர்களுக்கே சேரட்டும்.

எங்கள் ஊருக்கு வந்த கோனோவீடரை அம்மா ஒரே ஒரு நாள்தான் தள்ளினார். கைப்பிடி அவர் மார்புக்கு நேரே இருந்தது. சென்ற பொங்கல் விடுமுறையில் தையல் நாடாவால் அவருடைய முழங்கை உயரத்தை அளந்தேன், 96 செ.மீ. "இதை எதுக்குடா அளக்கிறே?" என்று கேட்டவர், நான் பதில் சொல்வதற்குள் பக்கத்து வீட்டு அத்தையையும் அளக்கக் கூப்பிட்டுவிட்டார்.